டிவிஆர் பிளகின் கேக்குது: ஐஇ மோடா, விஎல்சியா, பிசி சாஃப்ட்வேரா, மொபைல் ஆப்பா?

தொண்டியில இருந்து ஏர்வாடி வரைக்கும் நம்ம கரையோரத்துல இப்ப கேமரா இல்லாத தெரு கம்மி. கீழக்கரையில ஆம்பளைங்க துபாய், சவுதின்னு போய்ட்ட வீடுக, ராமேஸ்வரத்துல லாட்ஜு, மண்டபத்துல ஐஸ் கம்பெனி, கருவாடு காயப்போடுற களம், எல்லாத்துலயும் நாலு கேமராவும் அந்தப் படத்த ரெக்கார்ட் பண்ற ஒரு டிவிஆர் பெட்டியும் இருக்கு. இதுல நெறைய பெட்டி பல வருசத்துக்கு முன்னாடி மாட்டுனது, ஆனா இன்னிக்கும் நல்லா ஓடுது, ரெக்கார்டும் ஆகுது. பிரச்சனை எங்க வருதுன்னா கம்ப்யூட்டர்ல பாக்கலாம்னு க்ரோம்ல 192.168.1.108 மாதிரி அட்ரஸ் அடிச்சா லாகின் வரும், பாஸ்வேர்டு போட்டா படம் வர வேண்டிய இடத்துல "பிளகின் இன்ஸ்டால் பண்ணுங்க"ன்னு ஒரு லிங்க் மட்டும் நிக்கும், அத டவுன்லோட் பண்ணி இன்ஸ்டால் பண்ணி பிரவுசர மூடித் தொறந்தா மறுபடி அதே லிங்க். எத்தன தடவ பண்ணாலும் அதேதான். "பெட்டி போயிருச்சு, புதுசு மாத்துங்க"ன்னு யாராவது சொன்னா ஒடனே காச எடுத்துறாதீங்க. பெட்டியில ஒண்ணும் கோளாறு இல்ல, பிரவுசர்தான் மாறிருச்சு.

என்ன மாறுச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா எத எடுக்குறதுன்னு முடிவு பண்றது ஈசி. அப்பல்லாம் பிரவுசருக்கு சொந்தமா வீடியோ ஓட்டத் தெரியாது. அதுனால ஃப்ளாஷ், சில்வர்லைட், குயிக்டைம், விஎல்சி பிளகின், டிவிஆர் கம்பெனி பிளகின்னு ஆளுக்கு ஒரு மீடியா பிளேயர பிரவுசருக்குள்ள சொருகி வச்சாங்க, இதுதான் பிளகின். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல இதுக்குப் பேரு ஆக்டிவ்எக்ஸ், க்ரோம் ஃபயர்ஃபாக்ஸ்ல என்பிஏபிஐ. ரெண்டுமே கம்ப்யூட்டர்ல நேரடியா ஓடுற புரோகிராம், நீங்க அந்த கம்ப்யூட்டர்ல என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் அதுவும் செய்யலாம், அதுல ஒரு ஓட்டை இருந்தா அந்த வழியா உள்ள வர்றவனும் செய்யலாம். அதுனாலதான் க்ரோம் 2015 செப்டம்பர்ல என்பிஏபிஐய மொத்தமா தூக்குச்சு, ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்ல 52வது வெர்ஷன்ல ஃப்ளாஷ மட்டும் விட்டுட்டு மத்தத நிறுத்துச்சு, ஃப்ளாஷும் 2020 டிசம்பர் 31ஓட முடிஞ்சது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர 2022 ஜூன் 15ல மைக்ரோசாஃப்ட்டே ஓய்வு குடுத்து அனுப்பிருச்சு. உங்க டிவிஆருக்குள்ள இருக்குற வெப் பக்கம் மட்டும் இன்னும் அந்தக் காலத்துலயே நிக்குது. நீங்க இன்ஸ்டால் பண்ற பிளகின் கம்ப்யூட்டர்ல ஒழுங்காத்தான் ஏறுது, க்ரோம்தான் அத எடுத்துக்கிறதில்ல.

இப்ப கையில இருக்குற வழி என்னென்னன்னு பாப்போம்.

மொதல்ல எட்ஜ் பிரவுசரோட ஐஇ மோட், அதாவது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோட். விண்டோஸ் 10, 11ல எட்ஜ் ஏற்கனவே இருக்கும், அதுக்குள்ள பழைய எக்ஸ்ப்ளோரர் இஞ்சின தொறக்குற வசதி இருக்கு, அதுல ஆக்டிவ்எக்ஸ் பிளகின் ஓடும். குறைஞ்சது 2029 வரைக்கும் இத வச்சிருப்போம்னு மைக்ரோசாஃப்ட் சொல்லிருக்கு. மின்னாடி மூணு புள்ளி மெனுவுல "ரீலோட் இன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோட்"னு ஒண்ணு இருந்துச்சு, அத அமுக்குனா போதும். இந்த ஐஇ மோட வச்சே ஆளுங்கள ஏமாத்தி உள்ள புகுந்தாங்கன்னு 2025ல தெரிய வந்து, வீட்டு கம்ப்யூட்டர்கள்ல அந்த மெனுவையும் பட்டனையும் எடுத்துட்டாங்க. பழைய யூடியூப் வீடியோவப் பாத்து மெனுவத் தேடிக்கிட்டு இருக்காதீங்க. இப்ப வழி இதுதான்: செட்டிங்ஸ், அதுல டிஃபால்ட் பிரவுசர், அங்க ஐஇ மோடுக்கு "அலவ்" குடுத்து எட்ஜ ரீஸ்டார்ட் பண்ணணும், திரும்ப அதே இடத்துக்குப் போயி "இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோட் பேஜஸ்"ங்கற லிஸ்ட்ல டிவிஆர் அட்ரஸ மட்டும் ஆட் பண்ணணும், மின்னாடி எச்டிடிபி சேத்து முழுசா போடுங்க. அதுக்கப்புறம் அந்த அட்ரஸ தொறந்தா பழைய எக்ஸ்ப்ளோரர் மாதிரி தொறக்கும், பிளகின் கேக்கும், டவுன்லோட் பண்ணி எட்ஜ முழுசா மூடிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க, தொறந்து வச்சுக்கிட்டே இன்ஸ்டால் பண்ணா பாதியில நிக்கும்.

அப்பவும் படம் வரலன்னா விண்டோஸ் தேடல்ல "இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்"னு அடிச்சு செக்யூரிட்டி டேப்ல "டிரஸ்டட் சைட்ஸ்"ல டிவிஆர் அட்ரஸ சேருங்க, எச்டிடிபிஎஸ் வேணும்ங்கற டிக்க எடுத்துட்டு சேக்கணும். இங்க ஒண்ணு கவனமா இருக்கணும். நெறைய பேரு "இன்டர்நெட்" ஜோன்லயே போயி கையெழுத்தில்லாத ஆக்டிவ்எக்ஸ் எல்லாத்தையும் எனேபிள் பண்ணிட்டு வந்துருவாங்க, அப்படிப் பண்ணா ஐஇ மோட்ல தொறக்குற வேற எந்த சைட்டுக்கும் அதே கதவு தொறந்தே கிடக்கும். டிரஸ்டட் சைட்ஸ்க்குள்ள மட்டும் தளர்த்துங்க, அதுலயும் டிவிஆர் அட்ரஸத் தவிர வேற எதுவும் இருக்கக் கூடாது.

இதுல ஒரு தொல்லை என்னன்னா அந்த லிஸ்ட்ல சேத்தது 30 நாள்ல காலாவதி ஆகிரும். வாப்பா ஒரு நா காலையில "கேமரா போச்சு"ன்னு கூப்புடுவாங்க, பாத்தா 30 நாள் முடிஞ்சிருக்கும், திரும்ப ஆட் பண்ணா வந்துரும். டிவிஆரோட ஐபி அட்ரஸ பெட்டியிலயே ஃபிக்ஸ் பண்ணிருங்க, இல்லன்னா கரண்ட் போயி ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகுறப்ப அட்ரஸ் மாறி லிஸ்ட்ல இருக்குறது உதவாம போயிரும். நம்ம பக்கம் வாடை காத்து நேரத்துல கரண்ட் எப்புடி போயி போயி வரும்னு சொல்ல வேண்டியதில்ல.

ஐஇ மோட்ல என்ன லாபம்னா, டிவிஆரோட முழு மெனுவும் கெடைக்கும். மோஷன் டிடெக்‌ஷன் ஏரியா போடுறது, ரெக்கார்டிங் ஷெட்யூல், யூசர் பாஸ்வேர்டு, ஹார்ட்டிஸ்க் நிலவரம், பழைய ரெக்கார்டிங்க தேதி வாரியா தேடி எடுக்குறது எல்லாம். விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும், மேக், செல்ஃபோன்ல எல்லாம் கதையே இல்ல. என்னோட கருத்து, டெய்லி படம் பாக்குறதுக்கு இத வச்சுக்காதீங்க, செட்டிங் மாத்துறதுக்கு மட்டும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல இது இருந்தா போதும்.

ரெண்டாவது, பழைய பிரவுசரத் தேடிப் புடிச்சு போடுறது. ஃபயர்ஃபாக்ஸ் 52 ஈஎஸ்ஆர் எங்கயாவது கெடைக்கும், அதுல என்பிஏபிஐ பிளகின் ஏறும், படமும் வரும். ஆனா அதுக்கு 2018லயே பாதுகாப்பு அப்டேட் நின்னுபோச்சு. அந்த பிரவுசரயே வீட்ல ஒரு பையன் நெட் பாக்க எடுத்தான்னா, பேங்க் வேலையும் அதே கம்ப்யூட்டர்லதான் நடக்குதுன்னா, வேணாங்க. பேல் மூன்னு ஒரு பிரவுசர் இன்னும் அப்டேட்டோட இருக்கு, என்பிஏபிஐயும் எடுத்துக்கும், கட்டாயம்னா அது பரவால்ல, பிளகின் 32 பிட்டுன்னா பிரவுசரும் 32 பிட்டா இருக்கணும், இல்லன்னா கண்ணுலயே படாது. விண்டோஸ் 7 மெஷின அப்படியே இதுக்குன்னு வச்சிருக்கவங்களும் இருக்காங்க, அது தனி நெட்வொர்க்ல வெளி இன்டர்நெட் இல்லாம இருந்தா வச்சுக்கோங்க, அதுல மெயில் பாக்குறது ஜிபே லாகின் பண்றதெல்லாம் கூடாது, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு.

க்ரோமுக்குள்ளயே எக்ஸ்ப்ளோரர் டேப் தொறக்குற எக்ஸ்டென்ஷன்களும் இருக்கு, அதுவும் அடியில அதே பழைய இஞ்சினத்தான் ஓட்டுது, நடுவுல இன்னொரு கம்பெனி சாஃப்ட்வேர் சேருது அவ்வளவுதான். எட்ஜ் சும்மாவே இருக்கும்போது அதுக்கு அவசியம் இல்ல.

மூணாவது விஎல்சிங்கற வீடியோ பிளேயர், எனக்கு ரொம்பப் புடிச்ச வழி இது. அதுக்கு முன்னாடி ஒரு குழப்பத்தத் தீத்துருவோம். விஎல்சிய விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்ணும்போது மொசில்லா பிளகின், ஆக்டிவ்எக்ஸ் பிளகின்னு ரெண்டு டிக் வரும், அத டிக் பண்ணா டிவிஆர் பக்கம் க்ரோம்ல தெரியும்னு சிலர் நெனைக்கிறாங்க. தெரியாது. மொசில்லா பிளகின இப்ப இருக்குற க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ் எதுவும் சீண்டாது, டிவிஆர் பக்கம் கேக்குறதும் அவங்க சொந்த பிளகின, விஎல்சியோடத இல்ல. அந்த ரெண்டு டிக்கையும் எடுத்துருங்க, வெறும் பிளேயர் போதும்.

கிட்டத்தட்ட எல்லா டிவிஆரும் ஆர்டிஎஸ்பின்னு ஒரு முறையில 554ங்கற போர்ட்ல வீடியோவ நேரா குடுக்கும். இத பிரவுசர் ஓட்டாது, விஎல்சி ஓட்டும். விஎல்சில கன்ட்ரோல் என் அமுக்கி நெட்வொர்க் ஸ்ட்ரீம் பெட்டியில அட்ரஸ் போட்டா படம் வந்துரும். அட்ரஸ் பிராண்டுக்குப் பிராண்டு மாறும், ஹிக்விஷன் பெட்டியில கடைசியில 101னு போட்டா ஒண்ணாவது கேமரா மெயின் ஸ்ட்ரீம் (முழுத் தெளிவுப் படம்), 102னா அதே கேமரா சப் ஸ்ட்ரீம் (தெளிவு கம்மியான சின்னப் படம்), 201னா ரெண்டாவது கேமரா. தாஹுவா வகையறாவுல சேனல் நம்பரும் சப்டைப்னு 0 இல்ல 1ம் வரும். பெட்டியோட மேனுவல்ல ஆர்டிஎஸ்பின்னு தேடுனா முழு அட்ரஸ் கெடைக்கும். பாஸ்வேர்டுல அட் குறி வச்சிருந்தீங்கன்னா விஎல்சி கொழம்பிரும், அந்தக் குறிக்குப் பதிலா சதவீதக் குறியும் 40ம் போடணும். இந்த ஒரு விசயம் தெரியாமத்தான் பாதிப் பேரு விஎல்சி ஓடலன்னு விட்டுட்டுப் போறாங்க.

படம் விட்டு விட்டு வந்தா விஎல்சி பிரிஃபரன்ஸ்ல இன்புட் கோடெக்ஸ்ல போயி ஸ்ட்ரீம் டிரான்ஸ்போர்ட்ட டிசிபிக்கு மாத்துங்க. நெட்வொர்க் கேச்சிங் சாதாரணமா 1000 மில்லிசெகண்ட், அதாவது ஒரு செகண்டு, அத 2000 ஆக்குனா வழவழன்னு ஓடும் ஆனா நடக்குறத விட ரெண்டு செகண்டு பின்னாடி தெரியும். கேட்டுல யாரு நிக்கிறாங்கன்னு பாக்க அது பெரிய விசயம் இல்ல. நாலு கேமராவையும் பிளேலிஸ்ட்டா சேவ் பண்ணி டெஸ்க்டாப்ல வச்சா அம்மா கூட டபுள் கிளிக் பண்ணிப் பாத்துக்குவாங்க, ஆனா அந்த ஃபைலுக்குள்ள பாஸ்வேர்டு அப்படியே எழுத்தாக் கிடக்கும், அதுனால அட்மின் பாஸ்வேர்டப் போடாம டிவிஆர்ல "பாக்க மட்டும்"னு ஒரு தனி யூசர் போட்டு அத வச்சுக்கோங்க. விஎல்சில முடியாதது எதுன்னா, பழைய ரெக்கார்டிங்க வசதியாத் தேடுறது, செட்டிங்ஸ் மாத்துறது, நாலையும் ஒரே ஜன்னல்ல கட்டம் கட்டமாப் பாக்குறது. அப்பறம் இது வீட்டு வைஃபைக்குள்ளதான், கடல் தாண்டி இருக்கவங்களுக்கு இல்ல.

கடல் தாண்டிப் பாக்கணும்னுதான் சிலர் ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் பண்ணி விட்டு டிவிஆர் பக்கத்த உலகத்துக்கே தொறந்து வச்சிருக்காங்க. தயவுசெஞ்சு அத மூடுங்க. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் கூட்டம், கம்பெனி போட்டு விட்ட பாஸ்வேர்ட மாத்தாம நெட்ல தெரியிற டிவிஆர், கேமராக்களத் தேடித் தேடிப் புடிச்சு, அந்த அக்டோபர்ல பெரிய பெரிய சைட்டயே முடக்குச்சு. மாட்டுனவங்க "அட்மின், அட்மின்"னு வச்சுட்டுப் போனத மாத்தாத பெட்டி நம்ம ஊர்லயும் இருக்கு. தவிர சிம் நெட்டும் சில ஃபைபர் கனெக்‌ஷனும் உங்களுக்குன்னு பப்ளிக் ஐபி, அதாவது வெளிய இருந்து நேரா வர்ற அட்ரஸ், குடுக்காது, அதுல போர்ட் ஃபார்வர்ட் பண்ணாலும் வேலைக்கு ஆகாது.

அதுக்குத்தான் நாலாவது வழி, கம்பெனியோட மொபைல் ஆப். டிவிஆர் மெனுவுல பி2பி இல்லாட்டி கிளவுட்ங்கறத ஆன் பண்ணி, ஸ்க்ரீன்ல வர்ற க்யூஆர் கோட ஆப்ல ஸ்கேன் பண்ணா முடிஞ்சது, போர்ட்டு கீர்ட்டு ஒண்ணும் வேணாம். "காக்கா, வீட்டு கேமரா எனக்கும் தெரியணும்"னு தம்பி அங்கிட்டு இருந்து கேட்டா அக்கவுண்ட் பாஸ்வேர்ட வாட்ஸப்ல அனுப்பாதீங்க. வீட்ல இருக்க ஒருத்தர் பேர்ல அக்கவுண்ட் பண்ணி, அதுல இருந்து "ஷேர் டிவைஸ்" குடுத்தா அவங்கவங்க அக்கவுண்ட்ல தெரியும், யாருக்கு லைவ் மட்டும், யாருக்கு ரெக்கார்டிங் வரைக்கும்னு தனித்தனியா குடுக்கலாம், வேணாம்னா எடுத்தும் விடலாம். கேமரா கேட்டு, கார் ஷெட்டு, மொட்டை மாடியோட நின்னாத் தொல்லை இல்ல. முத்தத்துல, அடுப்படி வாசல்ல எல்லாம் ஒண்ணு இருந்தா, வீட்டுப் பொம்பளைங்க நடமாட்டம் மொத்தம் எத்தன ஃபோன்ல ஓடுதுன்னு அவங்களக் கேக்காம யாரும் முடிவு பண்ணக் கூடாது. லாத்தாவும் உம்மாவும் சரின்னு சொன்ன கேமரா மட்டும் ஷேர்ல இருக்கட்டும், மத்த சேனல டிக் எடுத்துருங்க, ஆப்ல அதுக்கு வசதி இருக்கு.

ஆப்ல குறைன்னா, படம் கம்பெனி சர்வர் வழியாப் போகலாம், அந்த நம்பிக்கை உங்களுக்கு வேணும். அப்பறம் வீட்டு நெட்டோட அப்லோட் வேகம். ஒரு 1080பி கேமரா மெயின் ஸ்ட்ரீம் எச்264ங்கற வீடியோ சுருக்குற முறையில சுமாரா 4 எம்பிபிஎஸ் வச்சா எட்டு கேமராவுக்கு 32, அத வெளிய தள்ள சிம் டாங்கிளுக்கு வலு கெடையாது. சப் ஸ்ட்ரீம 512 கேபிபிஎஸ்ல வச்சா எட்டுக்கும் சேத்து 4தான் ஆகும். ஃபோன் ஸ்க்ரீனுக்கு அது தாராளம்.

அஞ்சாவது, கம்பெனியோட பிசி சாஃப்ட்வேர். பிளகின் செய்யிற வேலைய பிரவுசர் இல்லாம தனியா செய்யிற புரோகிராம்னு வச்சுக்கோங்க. கட்டம் கட்டமா 16 கேமரா, பிளேபேக், டவுன்லோட் எல்லாம் இதுல உண்டு. கம்ப்யூட்டர் கொஞ்சம் தெம்பா இருக்கணும், 4 ஜிபி ராம் மெஷின்ல திணறும். ராமேஸ்வரத்துல தை அமாவாசை, ஆடி அமாவாசை கூட்டத்துல லாட்ஜ் கவுண்டர்ல உக்காந்து வாசல், லாக்கர் ரூம், பார்க்கிங்னு ஒரே நேரத்துல பாக்குறவருக்கு ஐஇ மோட் பிளகின விட இது பல மடங்கு நிம்மதி. சாஃப்ட்வேர கம்பெனி சைட்ல இருந்து மட்டும் எடுங்க, கூகுள்ல மொதல்ல வர்ற விளம்பர லிங்க்ல இருந்து இல்ல. "உங்க வீடியோ பிளேயர் பழசு, அப்டேட் பண்ணுங்க"ன்னு கிரிக்கெட் மேட்ச், சீரியல் பாக்குற சைட்ல வர்ற பாப்அப்பும் இதே வகைதான், இப்ப எந்த பிரவுசருக்கும் அந்த மாதிரி தனி பிளேயர் தேவையே இல்ல, அப்படிக் கேட்டா அது ஏமாத்துத்தான்.

கடைசியா ஒரு வழி நெறைய பேருக்குத் தெரியாது: உங்க டிவிஆர்லயே பிளகின் இல்லாமப் பாக்குற வசதி ஏற்கனவே இருக்கலாம், இல்ல ஃபர்ம்வேர் (பெட்டிக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட்ல வந்திருக்கலாம். கொஞ்சம் புது பெட்டின்னா க்ரோம்ல லைவ் பக்கம் தொறக்கும், ஆனா சிலதுல படம் கறுப்பா நிக்கும். காரணம் பெரும்பாலும் எச்265, எச்264க்கு அடுத்து வந்த சுருக்குற முறை. எடம் மிச்சம்னு மாட்டுறவங்க எல்லா ஸ்ட்ரீமையும் எச்265ல போட்டு விட்டுருவாங்க, பிரவுசர் எல்லாத்துலயும் அது ஓடாது. க்ரோம்ல 2022 அக்டோபர்ல வந்த 107ல இருந்து எச்265 ஓடும், அதுவும் கிராஃபிக்ஸ் சிப் ஒத்துழைச்சாத்தான். ஃபயர்ஃபாக்ஸ்ல விண்டோஸுக்கு 2025 ஜனவரியிலதான் வந்துச்சு. அதுனால மெயின் ஸ்ட்ரீம எச்265லயே விட்டு சப் ஸ்ட்ரீம மட்டும் எச்264க்கு மாத்துங்க, ரெக்கார்டிங் எடமும் மிச்சம், பிரவுசர்ல படமும் வரும். ஃபர்ம்வேர் அப்டேட் பண்றதுன்னா மாடல் நம்பர் எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கணும், யூபிஎஸ் இல்லாம பண்ணவே கூடாது, பாதியில கரண்ட் போனா பெட்டி செத்துரும்.

எத எடுக்குறது? வெளிநாட்ல இருந்து பாக்க ஆப், அதுல யோசிக்கவே வேணாம். வீட்டுக்குள்ள ஒரு டிவியிலயோ கம்ப்யூட்டர்லயோ ஒரு கேமராவ சும்மா ஓட விடணும்னா விஎல்சி. கடை, லாட்ஜ், ஐஸ் கம்பெனின்னா பிசி சாஃப்ட்வேர். பிளகின் செட்டிங்ஸ் மாத்த மட்டும், ஒரே கம்ப்யூட்டர்ல, எட்ஜ் ஐஇ மோட்ல. பழைய பிரவுசர் யாருக்கும் வேணாம். படகுக்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல விசைப்படகெல்லாம் கரையிலதான் கட்டிக் கிடக்கும், இஞ்சின் சாமான், பேட்டரி திருட்டுப் போகுதோன்னு கவலையில கேமரா மாட்டுறவங்களுக்கு பிரவுசர் பத்தின கேள்வியே தேவையில்ல, சிம் போடுற கேமராவும் ஆப்பும் போதும், கம்ப்யூட்டர் வாங்க வேணாம்.

திருட்டு நடந்து ஸ்டேஷனுக்கு வீடியோ குடுக்கணும்னா ஸ்க்ரீன ஃபோன்ல படம் புடிச்சுக் குடுக்காதீங்க, பெட்டியில பென்டிரைவ் சொருகி நேரா பேக்அப் எடுங்க. சில பெட்டி டேவ்னு அவங்க சொந்த ஃபார்மட்ல குடுக்கும், கூடவே பிளேயரையும் காப்பி பண்ணிக் குடுங்க, இல்ல எம்பி4ல எடுக்க ஆப்ஷன் இருந்தா அதுலயும் ஒண்ணு. 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63வது பிரிவுப்படி கோர்ட்டுக்கு அந்த ஃபைலோட சர்டிஃபிகேட்டும் ஹாஷ் மதிப்பும் (ஃபைல் மாறலன்னு காட்டுற ஒரு நம்பர்) கேப்பாங்க, அதுனால எடுத்த ஒரிஜினல எடிட் பண்ணாம, வாட்ஸப்ல சுருக்காம வச்சிருங்க.

பிளகின் வேலை முடிஞ்சவங்க அத அப்படியே போட்டு வைக்காதீங்க. கன்ட்ரோல் பேனல்ல புரோகிராம் லிஸ்ட்ல வெப் பிளகின், வெப் காம்போனன்ட்ஸ்னு பேரு இருக்கும், அன்இன்ஸ்டால் பண்ணுங்க. இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்ல புரோகிராம்ஸ் டேப்ல "மேனேஜ் ஆட்ஆன்ஸ்" தொறந்து மிச்சம் ஏதும் நிக்குதான்னு பாத்து டிசேபிள் குடுங்க. டிரஸ்டட் சைட்ஸ்ல இருந்தும் அட்ரஸ எடுத்துருங்க. சில்வர்லைட், குயிக்டைம் இன்னும் ஏறிக் கெடந்தா அதையும் தூக்கிருங்க, விண்டோஸ் குயிக்டைமுக்கு 2016லயும் சில்வர்லைட்டுக்கு 2021 அக்டோபர்லயும் ஆதரவு நின்னுபோச்சு. ஃபயர்ஃபாக்ஸ்ல ஆட்ஆன் பக்கத்துல பிளகின்ஸ்னு பாத்தா ஓபன்எச்264, வைட்வைன்னு ரெண்டு இருக்கும், அது ஃபயர்ஃபாக்ஸே எறக்கிக்கிட்டது, அதுல கை வைக்காதீங்க, வைட்வைன் போச்சுன்னா ஓடிடி படம் ஓடாது.

புதுசா பெட்டி வாங்கப் போறவங்க கடையில ஒரு லேப்டாப்ப வச்சு க்ரோம்ல எந்த பிளகினும் போடாம லைவும் பிளேபேக்கும் ரெண்டும் தொறந்து காட்டச் சொல்லுங்க, லைவ் மட்டும் காட்டிட்டு பிளேபேக்குக்கு பிளகின் கேக்குற மாடல் நெறைய இருக்கு. கேமராவுக்கு எஸ்டிக்யூசிங்கற மத்திய அரசு சோதனை அமைப்போட சான்று இருக்கான்னும் கேளுங்க. அப்பறம் கடலோரத்துல மாட்டுறதுன்னா வெளிய நிக்கிற ஜாயிண்ட்ட எல்லாம் வாட்டர்ப்ரூஃப் பெட்டிக்குள்ள போடச் சொல்லுங்க, உப்புக் காத்துல பிஎன்சி கனெக்டர் (கேமரா வயர சொருகுற முனை) சீக்கிரமே பச்சை பூத்துரும், அப்ப எந்த பிரவுசர்ல தொறந்தாலும் படம் கோடு கோடாத்தான் வரும்.